பலாப் பலகை, மொசைக் தரை: மஞ்சக்குப்பத்து வீடு ஒன்று வெளிர் நிறத்துக்கு மாறிய விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1984-இல் கட்டிய காங்கிரீட் வீடு. வடக்குப் பார்த்த வாசல், 18-க்கு 12 அடி ஹால், அதை ஒட்டிச் சாப்பாட்டு இடம், மூன்று படுக்கையறை, பின்னால் கிணற்றடி. ஹாலுக்குப் பிஸ்தா பச்சை, ஒரு அறைக்கு ரோஸ், இன்னொன்றுக்கு வான நீலம், கதவு ஜன்னல் அத்தனைக்கும் சாக்லேட் கலர் எனாமல். வீட்டில் ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, சென்னையிலிருந்து திரும்பி வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி.

வீட்டின் உள்ளலங்காரத்தை மாற்றித்தரப் போயிருந்த என்னிடம் மருமகள் போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். எல்லாம் ஒரே சாயல்: வெளிர் சுவர், வெளிர் துணி, நடுவில் மரம். "இந்த அமைதி வேணும்" என்றார். பின்னாலேயே அம்மா காபியோடு வந்தார். "ஏன் தம்பி, ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையடிச்சுட்டுப் போயிடுவீங்களா?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. நான் புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை பார்த்த 'நியூட்ரல்' வீடுகளில் பல அப்படித்தான் முடிந்திருக்கின்றன. காரணம் நிறத்தில் இல்லை, வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. வண்ண அட்டையைப் பிரித்து ஒரு வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்து முதலில் சுவரை முடித்துவிடுவார்கள். பிறகு மரம் வரும், கடைசியில் எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த பல்பை மாட்டிவிட்டுப் போவார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. இந்த வீட்டில் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டோம். முதலில் தரை, அடுத்து மரம், அப்புறம் விளக்கு, எல்லாம் முடிவான பிறகே சுவர். இந்த ஆய்வை எழுதக் காரணமும் அதுதான்.

தரை

மகனுக்கு மொசைக் தரை பிடிக்கவில்லை. அதன்மேலேயே இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல் ஒட்டிவிடலாம் என்றார். ஒட்டினால் தரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், நிலைவாசல் படியின் உயரம் குறையும். அதைவிட எனக்கிருந்த தயக்கம் வேறு. பளபளக்கும் வெளிர் டைல் ஜன்னல் வெளிச்சத்தைக் கூரை வரை அடிக்கும். கடலோர ஊரில் அந்த வெளிச்சம் ஏற்கெனவே அதிகம்.

மொசைக் என்பது சாம்பல் சிமெண்டில் மார்பிள் சில்லுகளைக் கலந்து போட்டுத் தேய்த்தது. ஒரு மூலையில் மட்டும் மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கினோம். தண்ணீர் ஊற்றிக் கரடான கார்போரண்டம் கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான கல்லுக்குப் போய், கடைசியில் ஆக்ஸாலிக் அமிலத்தூள் போட்டுத் தேய்த்ததும் பல வருட அழுக்குக்கு அடியிலிருந்து தரை வெளியே வந்தது. லேசாக மஞ்சள் பக்கம் சாய்ந்த சாம்பல், அதில் கிரீம், காபி நிறச் சில்லுகள், அங்கங்கே கறுப்பு. மருமகளின் போனில் இருந்த நிறங்கள் எல்லாம் காலடியிலேயே கிடந்தன. டைல் பேச்சு அதோடு நின்றது.

(மொசைக் தரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கழிவறை ஆசிட்டை அதன்மேல் ஊற்றாதீர்கள். மார்பிள் சில்லு அமிலத்தில் கரையும், பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும்.)

தானே புயல் சாய்த்த மரம்

மரம் வாங்கப் புதுச்சேரிக்குப் போகலாமா, சென்னைக்கே போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காத அப்பா, "நம்மகிட்டயே பலா இருக்கே" என்றார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. இவர்கள் நிலத்திலும் பெரிய பலா மரங்கள் விழுந்திருக்கின்றன. அப்பா அதை விறகுக்கு விடாமல் அறுத்துப் பலகையாக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, பலகை முனைகளில் பெயிண்ட் பூசிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். முனையில் பூசினால் ஈரம் அந்த வழியாக அவசரமாக வெளியேறாது, வெடிப்பு குறையும். பத்து வருடத்துக்கு மேல் நிழலில் காய்ந்த மரம். ஈரமானி வைத்துப் பார்த்தோம், 14 சதவீதத்துக்குள் காட்டியது. நம் கடலோரக் காற்றில் மரம் நிலைகொள்வது ஏறக்குறைய அந்த அளவில்தான். கடையில் காசு கொடுத்தாலும் இப்படிப்பட்ட பலகை சுலபத்தில் கிடைக்காது.

ஓரத்து வெளிர்க் கட்டை உளுத்துப் போயிருந்தது. நடு வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்கட்டை, அப்படியே இருந்தது. பலாவின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது, வெளிக்கட்டைக்கு அந்தத் தெம்பு கிடையாது. வெளிக்கட்டையை இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளினோம். பலகையின் அகலம் குறைந்ததில் அப்பாவுக்கு வருத்தம்தான்.

பலாவில் ஒரு சிக்கல் உண்டு. இழைத்த அன்று பளீரென்ற மஞ்சள். அதில் மோரின் என்ற மஞ்சள் சாயப்பொருள் இருக்கிறது. புத்த பிக்குகளின் துவராடைக்குப் பலா வைரத்தை வேகவைத்துச் சாயமெடுத்தது அதனால்தான். வெளிச்சமும் காற்றும் பட்டால் இந்த மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்புக்குப் போகும். இன்றைய மஞ்சளுக்குப் பொருத்தமாகச் சுவருக்கு நிறம் தேடினால், இரண்டு வருடத்தில் அந்தப் பொருத்தம் மரத்தோடு நகர்ந்துவிடும். நல்லவேளையாக வீட்டிலேயே ஒரு பழைய பலா முக்காலி இருந்தது. அதன் அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, 'மரம் கடைசியில் போய்ச் சேரும் நிறம் இது' என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எந்த நிறத்தைப் பார்த்தாலும் புதிதாய் இழைத்த பலகையை ஒரு பக்கமும் அந்த முக்காலியை மறுபக்கமும் வைத்தே பார்த்தோம். இரண்டோடும் ஒத்துப்போனால் மட்டும் அது தேறும்.

மரத்தை எங்கே போடுவது என்பதில் மகனோடு கொஞ்சம் வாக்குவாதம். டிவி சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக மரச் சட்டம் அடிக்கும் மோகம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உப்புத் தூசி அந்த இடுக்குகளில் இறங்கினால் யார் துடைப்பது? அதோடு, பத்தடிச் சுவர் முழுக்கப் பலா மஞ்சள் இருந்தால் அதன்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மஞ்சளாகி, எதிர்ச் சுவருக்கு நாம் தேர்ந்தெடுத்த நிறத்தையே கெடுத்துவிடும். கடைசியில், கை படும் இடத்தில் மட்டும் மரம் என்று முடிவானது: ஊஞ்சல் பலகை, சாப்பாட்டு மேசையின் மேல்பலகை, ஹாலில் ஒரு நீளப் பெஞ்சு, ஜன்னல் அடிக்கட்டைகள், புத்தக அலமாரியின் தட்டுகள்.

ஆசாரி பண்ருட்டிப் பக்கத்துக்காரர், பலாவோடு பழகியவர். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம் அது. அதன் ரேகை மாறி மாறி ஓடும், அவசரப்பட்டு இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். அவர் பாதி வேலையை மிஷினில் முடித்துவிட்டு, கடைசிப் பரப்பைக் கையாலேயே சுரண்டி எடுத்தார். மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு இறுக்காமல், நீள்துளையில் திருகு போட்டு நகர இடம்விட்டோம். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் வெடித்துத்தான் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். மேலே அரக்கு சீலர், அதன்மேல் பளபளப்பில்லாத பியு (பாலியூரித்தேன்) பூச்சு. பளபளக்கும் பூச்சு வேண்டாம் என்றதற்குக் காரணம், அதில் குழல்விளக்குதான் தெரியும், மரம் தெரியாது.

சமையலறைக்கு மருமகள் மரக்கோடு அச்சடித்த மைக்கா பார்த்து வைத்திருந்தார். அசல் பலாவுக்கு ஆறடி தூரத்தில் அச்சுத் தேக்கு இருந்தால் இரண்டுமே மதிப்பிழக்கும். கோடு எதுவும் இல்லாத, மண் நிறத்து மேட் மைக்கா போட்டோம். ஈரம் படும் தொட்டிப் பகுதியில் மட்டும் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட், மற்ற இடங்களில் அவ்வளவு தேவைப்படவில்லை.

"இதெல்லாம் வெளிநாட்டு ஸ்டைல்தானே?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். பக்கத்துப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930-களின் பிற்பாதியில் எழும்பத் தொடங்கியது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், தளத்தில் நின்று வேலை பார்த்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் மரத் தச்சராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. வெறும் காங்கிரீட், சிப்பிச் சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், கறுப்புக் கடப்பாக் கல், தேக்குக் கதவு. வேறு நிறமே கிடையாது. கட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தாலும், சுண்ணாம்பும் கல்லும் தேக்கும் நம் வீடுகளிலும் இருந்தவைதான். அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கதவில் இருந்த ஈயம்

எனாமலுக்கு அடியில் தேக்கு இருப்பது, ஒரு கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தில் தெரிந்தது. பெயிண்டர் புளோ லாம்ப் வைத்து எரித்து உரித்துவிடலாம், இல்லையென்றால் உப்புத்தாள் மிஷின் போடலாம் என்றார். இரண்டுக்கும் மறுத்துவிட்டோம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் 80-களின் பெயிண்டில், ஈயம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. எரித்தால் புகையில் வரும், உலர்வாகத் தேய்த்தால் தூசியில் வரும். நான்கு வயதுக் குழந்தை தரையில் விளையாடும் வீடு அது.

கதவுகளைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தரையில் பாலிதீன் விரித்து, ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்தோம். சுரண்டியதை மூட்டையாகக் கட்டித் தனியாக வைத்தோம். மெதுவான வேலை, கூலியும் கூட. குழந்தை அந்த வாரங்களில் அம்மாவழிப் பாட்டி ஊருக்குப் போயிருந்தாள். அடியில் வந்தது நல்ல தேக்கு, தேன் நிறத்தில். நிலைகளில் ஆணித் துளைகளும் ஒட்டுகளும் அதிகம் என்பதால் அவற்றை மட்டும் திரும்ப பெயிண்டே அடித்தோம், சுவரின் நிறத்திலேயே. கதவு மட்டும் மரமாக நிற்க, சுற்றியுள்ள சட்டம் சுவரோடு கரைந்துபோனது. காசு குறைக்கச் செய்ததுதான், பார்க்கவும் இதுவே நன்றாக அமைந்தது.

உப்புச் சுவர்

மேற்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. இதற்கு முன்பு வந்த ஒரு ஒப்பந்தக்காரர் அதன்மேல் இரண்டு முறை பட்டி பார்த்து, தண்ணீர் புகாத பூச்சு என்று சொல்லி ஒரு கோட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு முறையும் அடுத்த மழைக்கு அப்பளமாக எழும்பிவிட்டது.

நடப்பது இதுதான். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது, உப்பையும் கரைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. சுவர்ப் பரப்பில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி விரியும். மேலே பிளாஸ்டிக் தன்மையுள்ள பூச்சு இருந்தால் படிகம் அதற்குப் பின்னால் உருவாகி, பூச்சையே தள்ளிவிடும். அந்த இடத்தை மரப் பேனல் போட்டு மறைத்துவிடலாம் என்று மகன் சொன்னார். பலரும் செய்வதுதான். ஆனால் பேனலுக்குப் பின்னால் ஈரம் நின்றபடி இருக்கும், பூஞ்சையும் கரையானும் அங்கே குடியேறும்.

பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, துரு நிறத் தூளும் வெள்ளைப் பொடியும் உதிரப் பிரஷால் பலமுறை துடைத்து, ஜனவரி தொடங்கிச் சுவரைச் சும்மா காயவிட்டோம். பிறகு நான்கடி உயரத்துக்குச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த காரை, மேலே சுண்ணாம்புப் பூச்சு மட்டும். இது உப்பை ஒழித்துவிடாது. ஈரத்தை மூச்சுவிட வைக்கும். உப்பு வெளியே வந்தால் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். மொத்தச் செலவில் இந்தச் சுவரும் கதவு உரிப்பும்தான் அதிகம் தின்றன. சுவர் பெயிண்ட் அவற்றுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

வெளிச்சம்

வீடு முழுக்க 6500 கெல்வின் எல்.இ.டி. நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் எண், அது குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் ஊரில் 'நல்ல வெளிச்சம்' என்றால் அதுதான். அதன் கீழ் பலாப் பலகையை வைத்தபோது மஞ்சள் பச்சையாகத் தெரிந்தது, தேக்கு மங்கிப்போனது. ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் 3000, சமையலறைக்கும் மகன் வேலை பார்க்கும் மேசைக்கும் 4000 என்று மாற்றினோம். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்குக் குறையாத பல்பாகப் பார்த்து வாங்கினோம். 80 உள்ளவை விலை குறைவு, ஆனால் மரத்தின் சிவப்புச் சாயலை அவை பெரும்பாலும் விழுங்கிவிடும்.

அப்பாவுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. "பேப்பர் படிக்க வெளிச்சம் பத்தல" என்றார். பல்பைத் திரும்ப மாற்றாமல், அவர் நாற்காலிக்குப் பின்னால் தனியாக 4000 கெல்வினில் ஒரு படிப்பு விளக்கு வைத்தோம். வயதானவர்களுக்கு எழுத்தின்மேல் நேரடியாக விழும் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதற்காக ஹால் முழுவதையும் நீலமாக்க வேண்டியதில்லை.

பகல் வெளிச்சத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலூர் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கிறது. ஜனவரியில் வெறும் வானத்து வெளிச்சம் மட்டும் வந்த ஹாலுக்குள், மே மாதக் காலையில் வடகிழக்கிலிருந்து நேர் வெயிலே விழும். ஜனவரியில் பிடித்த நிறம் மே மாதத்தில் மஞ்சள் கூடித் தெரியும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்தோம். திரைக்குக் காடா துணி. வெளுக்காத, சாயம் போடாத பருத்தி, விலையும் குறைவு. இரண்டு முறை துவைத்துச் சுருங்கவைத்த பிறகே தைக்கக் கொடுத்தோம்.

எந்த வெள்ளை

பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் ஒரு புகார் வந்ததாம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதென்று. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டியிருக்கிறது. 1839-இல் அவர் விளக்கி எழுதிய இந்த விஷயம் மஞ்சக்குப்பத்து ஹாலிலும் அப்படியே நடந்தது.

நீலச் சாயல் உள்ள சாம்பலைப் பலாவுக்குப் பக்கத்தில் வைத்தால் மரம் ஆரஞ்சாகக் கத்தியது. வெண்ணெய் நிறத்தை வைத்தால் சுவரும் மரமும் சேர்ந்து மஞ்சள் காமாலையில் விழுந்தன. சுவரில் நேராக அடித்துப் பார்க்கவில்லை. பழைய பிஸ்தா பச்சை சுற்றிலும் இருக்கும்போது எந்த வெள்ளையும் ரோஸாகத்தான் தெரியும். இரண்டடிச் சதுர அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு விளக்கில் என்று வீடு முழுக்க நகர்த்தி வைத்துப் பார்த்தோம். தரையோடு, பலகையோடு, முக்காலியோடு. மருமகள் முதலில் ஆசைப்பட்ட சாம்பல் முதல் நாளே போய்விட்டது. "வீட்டுக்குச் சாம்பல் பூசுவாங்களா?" என்று அம்மா கேட்டதும் அதற்கு ஒரு காரணம்தான்.

நின்றது, துளி பழுப்பு மண் கலந்த ஒரு மங்கல் வெள்ளை. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவு நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல், எண்பதுக்குள். 85-க்கு மேல் உள்ள வெள்ளை நம் கடலோர வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கூரைக்கும் அதே நிறத்தைப் பாதி அடர்த்தியில் கலந்து அடித்தோம். படுக்கையறைகளுக்கு அதைவிட ஒரு படி அடர்ந்த மண் நிறம்.

காவி

பூஜை அறைச் சுவருக்கு அம்மா வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை: காவியும் வெள்ளையும் பட்டை அடிக்க வேண்டும். மருமகள் என்னைப் பார்த்தார். நான் அம்மா பக்கம். சுண்ணாம்பு வெள்ளையும் காவி மண்ணும் எந்தக் கம்பெனி அட்டையிலும் இல்லாத நிறங்கள்; இரண்டும் மண்ணிலிருந்து வருவதால் மரத்தோடு சண்டை போடாது. ஹாலிலிருந்து பார்த்தால் ஊஞ்சலுக்கு அப்பால் அந்தப் பட்டைகள் தெரியும். வீட்டில் கண் போய் நிற்கும் இடம் அதுதான் என்று இப்போது மருமகளே சொல்கிறார். கூடவே வில்லியனூர் சுடுமண் விளக்கு மாடம் ஒன்றை வாங்கி மாட்டியதும் அவரே.

ஒரு மழைக்காலம் கழித்து

வடகிழக்குப் பருவமழை முடிந்து போய்ப் பார்த்தபோது மேசைப் பலகை லேசாக உப்பியிருந்தது, வெடிப்பு எதுவும் இல்லை. இரண்டு தேக்குக் கதவுகள் நிலையில் உரசின. உடனே இழைக்க வேண்டாம், கோடையில் தானாகச் சுருங்கும் என்று சொல்லி நிறுத்திவைத்தோம். ஒன்று சுருங்கிவிட்டது, இன்னொன்றை மட்டும் ஏப்ரலில் இழைத்தோம். மேற்குச் சுவரில் ஓரடி உயரத்துக்கு மெலிதாக உப்பு தெரிந்தது, பழைய உயரத்துக்கு ஏறவில்லை. பலாவின் மஞ்சள் இறங்கத் தொடங்கிவிட்டது, ஜன்னலோரப் பெஞ்சில் வேகமாகவும் அலமாரித் தட்டுகளில் மெதுவாகவும். முக்காலியின் நிறத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பேத்தி ஹால் சுவரில் க்ரேயானால் ரயில் வரைந்திருக்கிறாள். கழுவக்கூடிய மேட் எமல்ஷன்தான், ஈரத்துணிக்குப் பாதி போனது, பாதி போகவில்லை. அதே கலவையில் ஒரு லிட்டர் டின் எடுத்து வைத்திருக்கிறோம். கதவு மூலை முதல் ஜன்னல் மூலை வரை அந்த ஒரு சுவரை முழுசாக அடித்தால்தான் ஒட்டுத் தெரியாது. அம்மா அவசரப்பட வேண்டாம் என்கிறார், அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கட்டுமாம். கொட்டகையில் மிச்சமிருக்கும் பலகைகளில் மாடி அறைக்கு ஒரு கட்டில் தேறும் என்று ஆசாரி அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.